புதிதாக்கிக் கெடுப்பது: பரம்பரைக் கைக்கடிகாரத்தில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

அப்பாவோ தாத்தாவோ கட்டியிருந்த கைக்கடிகாரம் பல ஆண்டு கழித்து பீரோவிலிருந்து வெளியே வரும்போது பெரும்பாலும் ஓடாது. டயலில் புள்ளி புள்ளியாகக் கறை இருக்கும். கண்ணாடி கீறல் விழுந்து மங்கியிருக்கும். கடைக்காரர், "எல்லாவற்றையும் மாற்றிப் புதிதுபோல ஆக்கித் தருகிறேன்" என்பார். பழைய கடிகாரங்களைச் சேகரிப்பவரைக் கேட்டால், "ஒரு திருகைக்கூட மாற்றிவிடாதீர்கள்" என்பார். இருவரில் யார் சொல்வதை அப்படியே கேட்டாலும் கடிகாரம் கெட்டுப்போகலாம். முதல் வழியில் தாத்தாவின் கடிகாரம் என்று சொல்ல அதில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டாவது வழியில், காய்ந்துபோன எண்ணெயுடன் ஓடும் பழைய பாகங்களே ஒன்றையொன்று தின்றுவிடும்.

தமிழ்க் குடும்பங்களில் இப்படிக் கிடைப்பவற்றில் எச்எம்டி கடிகாரங்கள் ஏராளம். இந்திய அரசு நிறுவனமான எச்எம்டி, ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன் என்ற பெயர்கள் ஒரு தலைமுறையின் வேலைக்கும் கல்யாணத்துக்கும் சாட்சிகள். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த ஜப்பானிய சைக்கோ 5 இன்னொரு வகை. எச்எம்டியின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்தது. அதன்பின் உதிரிப் பாகம் வேண்டுமென்றால் பழைய இருப்பைத் தேட வேண்டும். இல்லையென்றால் இன்னொரு கடிகாரத்தைப் பிரிக்க வேண்டும். ஆலை இயங்கியவரை சாதாரணமாக இருந்த 'பார்ட் மாற்றுவது' இப்போது யோசித்துச் செய்ய வேண்டிய காரியமாகிவிட்டது.

'ஒரிஜினல்' என்பதற்கு நான்கு பொருள்

கடைகளில் இந்தச் சொல் மிகத் தாராளமாகப் புழங்குகிறது. ஒருவர் "ஒரிஜினல் பார்ட்தான் போட்டிருக்கிறேன்" என்றால் அது கீழே உள்ளவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

1. ஆலையிலிருந்து வெளிவந்தபோதே இந்தக் கடிகாரத்தில் இருந்த பாகம்.
2. அதே மாடல், அதே காலம், ஆனால் வேறொரு கடிகாரத்திலிருந்து கழற்றியது.
3. அதே நிறுவனம் பிற்காலத்தில் சர்வீஸுக்கென்று தயாரித்தது. பொருந்தும், ஆனால் எழுத்து வடிவமோ நிறமோ சற்று மாறியிருக்கலாம்.
4. நிறுவனத்தின் பெயரை மட்டும் தாங்கிய நகல்.

வாரிசுக்கு உண்மையில் ஒரிஜினல் என்பது முதலாவது மட்டுமே. இரண்டாவது நேர்மையான மாற்று. மூன்றாவது வேலைக்கு ஆகும். நான்காவதைப் போட்டுவிட்டு முதலாவதன் பெயரைச் சொல்வது ஏமாற்று.

சில கடிகாரங்களில் இதை நாமே ஓரளவு சோதித்துக்கொள்ளலாம். பழைய சைக்கோவின் பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு கோடு, மீண்டும் நான்கு இலக்கம் என்று ஓர் எண் இருக்கும். முதல் நான்கு உள்ளேயிருக்கும் மெஷினின் வகை. அடுத்த நான்கு கேஸின், அதாவது வெளிக்கூட்டின், வகை. டயலின் அடிவிளிம்பில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் பொடி எழுத்தில் மெஷின் எண் மீண்டும் வரும். பின்மூடி ஓர் எண்ணையும் டயல் வேறோர் எண்ணையும் சொன்னால், அந்தக் கடிகாரம் எங்கோ ஒரு மேசையில் இரண்டு மூன்றிலிருந்து கோக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பின்மூடியின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் அடுத்தது மாதத்தையும் குறிக்கும். எந்தப் பத்தாண்டு என்பதை மாடலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். தாத்தா சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஆண்டோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது ஒரு சின்னத் துப்பறிதல்.

உள்ளே தேய்வது எது?

சாவி கொடுக்கும்போது மெயின்ஸ்பிரிங் என்ற சுருள்தகடு இறுகுகிறது. அது விரியும் விசை பற்சக்கரங்கள் வழியாகப் பேலன்ஸ் சக்கரத்தை அடைகிறது. அந்தச் சக்கரம் மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங்கின் துணையோடு முன்னும் பின்னும் ஆடுகிறது. எச்எம்டி ஜனதாவில் உள்ள 0231 மெஷின் மணிக்கு 18,000 துடிப்பு அடிக்கும். நாளொன்றுக்கு 4,32,000, நிறுத்தாமல் ஓடினால் ஆண்டுக்கு 15 கோடிக்கும் மேல். இவ்வளவையும் தாங்குபவை தலைமுடி அளவே தடிமன் கொண்ட அச்சுமுனைகள். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பது அலங்காரக் கல்லை அல்ல. உராய்வைக் குறைக்க வைத்த செயற்கை மாணிக்கக் கற்களின் எண்ணிக்கை அது. பெரும்பாலானவை இந்த அச்சுமுனைகள் சுழலும் குழிகள்.

கல்லுக்கும் எஃகுக்கும் இடையில் இருப்பது ஒரு துளியிலும் சிறிய எண்ணெய். நான்கைந்து ஆண்டில் அது பரவி, காய்ந்து, தூசியோடு சேர்ந்து உப்புத்தாள் போல அரைக்கத் தொடங்கும். இதிலிருந்து ஒரு வேடிக்கையான முடிவு கிடைக்கிறது. ஓடாமல் டப்பாவில் கிடக்கும் கடிகாரம் அவ்வளவாகத் தேய்வதில்லை. சர்வீஸ் செய்யாமல் ஆசைக்குத் தினமும் கட்டிக்கொள்ளும் கடிகாரம்தான் தேய்கிறது. "நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் பிரிக்க வேண்டும்?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். கட்டப் போவதில்லை என்றால் பிரிக்கவே வேண்டாம். கட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட வேண்டும்.

ஒரே ஒரு சோதனை: செய்ததைத் திருப்ப முடியுமா?

பாகம் பழையதா புதியதா என்று பார்ப்பதைவிட, செய்யப்போகும் வேலையை நாளைக்குத் திருப்ப முடியுமா என்று கேட்பது பயனுள்ளது. கண்ணாடியை மாற்றினால் பழையதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். என்றாவது திரும்பப் போடலாம். டயலுக்கு மறுபூச்சு அடித்தால் பழைய பூச்சு எங்கும் இல்லை. ஒன்று கழற்றுவது, மற்றொன்று அழிப்பது. கடைக்காரரின் பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகளாக, ஏறத்தாழ ஒரே விலையில் இருக்கும் என்பதுதான் தொல்லை.

தயங்காமல் மாற்றக்கூடியவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை: எண்ணெய், மெயின்ஸ்பிரிங், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், கைப்பட்டை, அதைப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பி. பழைய அக்ரிலிக் கண்ணாடியும் இந்தக் கூட்டம்தான், ஆனால் அதை மாற்றும் முன் மெருகிட்டுப் பார்க்கலாம். மேலோட்டமான கீறல் மறைந்துவிடும். பழைய ஒமேகா போன்றவற்றின் அக்ரிலிக் நடுவில் கண்ணுக்குத் தப்பும் அளவில் நிறுவனச் சின்னம் பதிந்திருக்கும் என்பதால் கழற்றியதைக் குப்பையில் போடக் கூடாது.

டயல்: பெரும்பாலான இழப்புகள் நடக்கும் இடம்

ஒரு கடிகாரத்தின் முகம் டயல். மதிப்பும் அங்கேதான், சேதமும் அங்கேதான்.

பொதுவாக டயல் என்பது மெல்லிய பித்தளைத் தகடு. அதன்மேல் முலாமோ வண்ணமோ, அதன்மேல் மிக மெல்லிய அச்செழுத்து, பலவற்றில் எல்லாவற்றுக்கும் மேலாக ஒளிபுகும் வார்னிஷ். வியர்வை ஈரமும் கடற்கரைக் காற்றும் உள்ளே புகும்போது வார்னிஷ் மஞ்சளாகிறது, பூத்துப்போகிறது, விளிம்பில் பித்தளை பச்சை பூக்கிறது. துடைத்தால் போய்விடும் என்று தோன்றும். ஸ்பிரிட்டோ சோப்புத் தண்ணீரோ பட்டால் அழுக்கோடு நிறுவனத்தின் பெயரும் போய்விடும். அச்செழுத்து அவ்வளவு மெல்லியது. காற்றூதித் தூசியை அகற்றுவது, கடிகாரக்காரர்கள் வைத்திருக்கும் ஒட்டும் பசைக்கட்டியால் தொட்டுத் தொட்டு எடுப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இந்தியாவில் மறுபூச்சு டயல் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஆன்லைனில் விற்கும் பழைய எச்எம்டி, சைக்கோ, ஃபாவ்ர்-லூபா கடிகாரங்களில், அந்த நிறுவனங்கள் கனவிலும் தயாரிக்காத ஆரஞ்சும் பச்சையும் பளபளக்கின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு மும்பை நகரின் பெயரைச் சேர்த்துக் கேலியாக ஒரு பட்டமே சூட்டியிருக்கிறார்கள். மறுபூச்சைக் கண்டுபிடிக்கும் அடையாளங்கள் சில:

1. எழுத்தின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் மை கசிந்தது போலத் தடித்திருக்கும்.
2. நிமிடக் கோடுகள் மணிக் குறிகளின் நடுவில் வந்து சேராமல் சற்று விலகி நிற்கும்.
3. அடிவிளிம்பில் இருக்க வேண்டிய நாட்டின் பெயரோ மாடல் எண்ணோ காணாமல் போயிருக்கும், அல்லது இடம் மாறியிருக்கும்.
4. கேஸ் தேய்ந்து கிழடாகியிருக்க, டயல் மட்டும் நேற்றுப் பிறந்தது போல இருக்கும்.

நான்காவதுதான் முதலில் கண்ணில் படும். எண்பது வயதுக்காரரின் தலையில் கரிய விக் வைத்தது போல.

கறை படிந்த டயலை அப்படியே விடலாமா என்றால், பெரும்பாலும் விடலாம். வெயிலில் பழுப்பேறிய கருப்பு டயல்களைச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பது தனிக் கதை. பூச்சு உரிந்து துகள் உதிர்ந்தால் மட்டும் நிலைமை வேறு. அந்தத் துகள் மெஷினுக்குள் விழுந்து சக்கரத்தை நிறுத்திவிடும். அப்போதும் மறுபூச்சைவிட, அதே மாடலின் வேறு நல்ல டயலைப் பொருத்திவிட்டுப் பழையதைத் தனியே பத்திரப்படுத்துவது மேல்.

கேஸும் பாலிஷும்

கோயில் திருப்பணிகளில் மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிய கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். சுற்றும் துணிச்சக்கரத்தில் பிடித்துக் கேஸைப் பாலிஷ் போடுவதும் அதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது. கீறலை யாரும் 'நிரப்புவது' இல்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள உலோகத்தையும் சீவி எடுக்கிறார்கள். பட்டையைப் பிடித்திருக்கும் நான்கு கொம்புகளின் விளிம்பு மழுங்குகிறது, பின்மூடி எழுத்து ஆழம் குறைகிறது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் கேஸ் சப்பிய மிட்டாய் போலாகிவிடும்.

முலாம் பூசிய கேஸில் ஆபத்து இன்னும் அதிகம். பழைய கடிகாரங்கள் பலவற்றில் கேஸ் பித்தளை, அதன்மேல் குரோமோ தங்கமோ முலாம், பின்மூடி மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். '20 மைக்ரான்' என்று பொறித்திருந்தால் அந்தத் தங்கத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதன்மேல் சக்கரத்தை வைத்தால் என்ன மிஞ்சும்? மறுமுலாம் போடலாம் என்பார்கள். அதற்கு முன் இருக்கும் முலாமை முழுக்க உரித்து மேற்பரப்பை வழவழப்பாக்க வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

பின்மூடியில் பெயரோ தேதியோ பொறித்திருந்தால் பேச்சே இல்லை, தொடக் கூடாது. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. அதன் பின்மூடியில் அவர் மனைவி ஜோஆன் உட்வர்ட், கவனமாக வண்டி ஓட்டும்படி மூன்று ஆங்கிலச் சொற்களைப் பொறிக்கச் செய்திருந்தார். அந்த மூன்று சொற்கள் பாலிஷில் மங்கியிருந்தால், அது இன்னொரு பழைய டேடோனாவாகவே நின்றிருக்கும். பணி ஓய்வு விழாவில் பெயர் பொறித்துக் கொடுத்த எச்எம்டிக்கும் இதே கணக்குத்தான், தொகை மட்டும் வேறு.

பின்மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். கடிகாரம் சர்வீஸுக்குப் போகும்போது அந்தக் காலத்துக் கடிகாரக்காரர்கள் ஊசியால் தேதியையோ தங்கள் குறியையோ கீறி வைப்பதுண்டு. அது அழுக்கல்ல, கடிகாரத்தின் மருத்துவக் குறிப்பு.

ஒளிரும் முள்ளில் ஒளிந்திருக்கும் ஆபத்து

இருட்டில் தெரிவதற்காக முள்ளிலும் எண்ணிலும் தடவிய பூச்சு மூன்று தலைமுறை கண்டது. 1960-கள் வரை பல நிறுவனங்கள் ரேடியம் கலந்த பூச்சைப் பயன்படுத்தின. அமெரிக்காவில் அதைத் தூரிகையால் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை எலும்பு அரித்து இறந்த துயரம் 1920-களில் வெளியே வந்தது. ரேடியத்துக்குப் பின் டிரிட்டியம். சுவிஸ் டயல்களின் அடியில் நாட்டின் பெயருக்கு இருபுறமும் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அதைக் குறிக்கும். 1990-களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கதிரியக்கம் இல்லாத லூமிநோவாவைக் கொண்டுவந்தது.

டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டு, அது பெருமளவு ஓய்ந்திருக்கும். ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1,600 ஆண்டு. பழைய ரேடியம் டயல் இப்போது ஒளிராததைக் கண்டு 'சக்தி போய்விட்டது' என்று நினைப்பது தவறு. ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடுதான் செத்திருக்கிறது. ரேடியம் கிட்டத்தட்ட முழுதாக அங்கேயே இருக்கிறது. பெரும் அபாயம் அந்தப் பொடியை மூச்சில் இழுப்பதுதான். மூடிய கேஸுக்குள் இருக்கும்வரை அது நேராது. வீட்டில் கடிகாரத்தைப் பிரித்து முள்ளைச் சுரண்டும்போது அந்த அபாயம் வந்துவிடும். பழுப்பேறிய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதியதைத் தடவுவது ஒரிஜினலை அழிக்கும் என்பது ஒரு காரணம். சுரண்டுபவரின் நுரையீரல் அதைவிடப் பெரிய காரணம்.

மெஷின்: மாற்றுவதற்கு முன் பழுதுபார்ப்பது

மெஷினுக்குள் பலருக்கும் கண்டிப்பு தளர்ந்துவிடும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவதில்லை. "மெஷினையே மாற்றிவிடலாம், சுலபம்" என்பது அடிக்கடி கேட்கும் வாக்கியம். ஜனதா போன்ற லட்சக்கணக்கில் விற்ற மாடலில் இது உண்மையில் சுலபம்தான். அதனாலேயே தேவையில்லாதபோதும் நடக்கிறது.

பல நேரம் பழுது சிறியது. கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடினால், ஒலிபெருக்கிக்கு அருகிலோ வேறு காந்தத்துக்கு அருகிலோ வைத்ததில் ஹேர்ஸ்பிரிங் காந்தமேறிச் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். காந்தநீக்கியில் சில நொடி வேலை. கீழே விழுந்து நின்றுவிட்டால் பேலன்ஸ் அச்சு முறிந்திருக்கலாம். எச்எம்டி டயல்களில் காணும் 'பாராஷாக்' என்ற சொல், இந்த அச்சைக் காக்க சிட்டிசன் 1956-இல் கொண்டுவந்த அதிர்வு தாங்கும் அமைப்பின் பெயர். அச்சை மட்டும் மாற்றத் தெரிந்த கை இப்போது அரிது. பேலன்ஸை முழுதாக மாற்றுவது அடுத்த நிலை, முழு மெஷினையும் மாற்றுவது கடைசி நிலை. இந்த வரிசையைத் தலைகீழாக்காமல் இருக்கும் கடிகாரக்காரரே தேவை.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தாது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனின் ஓசூர்க் கடிகாரங்களும் இப்போது பரம்பரைச் சொத்தாகத் தொடங்கிவிட்டன. மின்சுற்று இறந்தால் அதைப் பழுதுபார்ப்பது பெரும்பாலும் முடியாத காரியம், மெஷினை மாற்றத்தான் வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள் போதும். கட்டாமல் வைத்திருக்கும் குவார்ட்ஸ் கடிகாரத்தில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். கசிந்தால் மின்சுற்றை அரித்துவிடும். புதிய மெஷின் பொருந்தவில்லை என்று டயலின் பின்னுள்ள சிறு கால்களை வெட்ட விடாதீர்கள். டயலைத் திரும்பப் பழைய இடத்தில் உட்கார வைக்கும் வழி அத்தோடு போய்விடும்.

சேகரிப்பாளரின் கணக்கும் வாரிசின் கணக்கும்

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முரண்பட்ட அறிவுரைகள் வருகின்றன. சேகரிப்பாளருக்கு ஆலையிலிருந்து வந்த நிலைதான் அளவுகோல். 1978-இல் ஊர்க் கடையில் யாரோ போட்ட பொருந்தாத சாவிக்குமிழ் அவருக்குக் குறை. வாரிசுக்கு அந்தக் குமிழைத்தான் தாத்தா தினமும் காலையில் திருகினார். நீர் புகாதவரை அதை மாற்ற ஒரு காரணமும் இல்லை. சாதாரண ஜனதா ஒன்றை முறையாகப் பிரித்துச் சர்வீஸ் செய்யும் செலவு, சந்தையில் அதே போன்ற இன்னொன்றின் விலையைத் தாண்டிவிடவும் கூடும். விலைக்காகப் பார்த்தால் செய்யவே கூடாத வேலை இது. விலைக்காக இல்லை என்று முடிவானபின், தாத்தாவின் கை பட்ட பாகங்களைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பளபளப்பை வாங்கி வருவதில் பொருளில்லை.

கடையில் கொடுக்கும்போது

வாய்ப்பேச்சு போதாது. கீழ்க்கண்டவற்றில் முதலாவது நீங்கள் செய்ய வேண்டியது. மற்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

1. கொடுக்கும் முன் டயல், பின்மூடி, பக்கவாட்டு, பின்மூடியைத் திறந்து மெஷின் எனப் படம் எடுத்துக்கொள்ளவும். மெஷின் எண்ணும் வரிசை எண்ணும் படத்தில் தெரிய வேண்டும்.
2. கேஸ் பாலிஷ் வேண்டாம். டயலையும் முள்ளையும் கழுவவோ பூசவோ வேண்டாம்.
3. எந்தப் பாகத்தையும் மாற்றும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டும். மாற்றுவது மேலே சொன்ன நான்கு வகையில் எது என்று சொல்ல வேண்டும்.
4. கழற்றிய எல்லாப் பாகங்களும், முறிந்த ஸ்பிரிங் உட்பட, உறையில் போட்டுத் திரும்ப வர வேண்டும்.

பெரிய சுவிஸ் நிறுவனங்களின் சர்வீஸ் மையத்துக்கு அனுப்புவோர் இரண்டாவதையும் நான்காவதையும் அடிக்கோடிட வேண்டும். கடிகாரத்தைப் புதிய நிலைக்குக் கொண்டுவருவதே அங்கு பலருக்கும் சர்வீஸின் இலக்கணம். பழைய டயலுக்குப் பதில் புதியது வரக்கூடும், கேஸ் பாலிஷும் சேர்ந்தே வரும். கழற்றிய பாகத்தைத் திரும்பத் தருவார்களா என்று அனுப்பும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை முடிந்து வந்ததும் அந்த உறையோடு ஒரு துண்டுச்சீட்டையும் வையுங்கள். யார் கட்டிய கடிகாரம், எந்த ஆண்டு எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் என்னென்ன மாறின: "கண்ணாடி புதியது. மெயின்ஸ்பிரிங் புதியது. விநாடி முள் வேறொரு ஜனதாவிலிருந்து எடுத்தது. பழைய முள் உறையில். டயல், கேஸ், மெஷின் பழையவை. டயலில் ஆறு மணிக்கு அருகிலுள்ள கறை முன்பே இருந்தது, துடைக்க வேண்டாம்."